பழைய ஹேட்ச்பேக்: வாங்குமுன் யாரை வைத்துப் பார்ப்பது?

வண்டியைப் பார்த்தாயிற்று, பிடித்தும் விட்டது. விலைப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருக்கிறது. பெரும்பாலானோர் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான். நாமே இன்னொரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாமா? தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாமா? பட்டறையில் காசு கட்டி முறையாகச் சோதிக்கலாமா? இல்லை, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று சான்றிதழும் வாரன்ட்டியும் தருகிற கடையிலேயே வாங்கிவிடலாமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமே பார்ப்பது ஒரு வண்டியை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு. வாங்கலாம் என்று சொல்ல, அதை லிஃப்டில் தூக்கி அடியில் பார்த்த கண் ஒன்று வேண்டும். இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள்தான் பிறகு பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

## சின்ன வண்டி எங்கே அடிவாங்கும்

ஹேட்ச்பேக்கின் பிழைப்பு பெரும்பாலும் குறுந்தூர ஓட்டம். இன்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் போகவேண்டிய இடம் வந்துவிடும், அணைத்துவிடுவார்கள். நெரிசலில் நின்று நின்று ஓடியே கிளட்ச் தேயும். வீட்டில் இரண்டு பேர் ஓட்டப் பழகியதும் இதில்தான் என்றால், அரைக் கிளட்ச் பழக்கம், நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கிய சக்கரம், பக்கவாட்டு உரசல் எல்லாம் கூடவே வரும். ஊருக்குள்ளேயே 50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட நெடுஞ்சாலையில் 90,000 ஓடிய வண்டியின் கிளட்ச் நல்ல நிலையில் இருப்பது அபூர்வமே இல்லை. கிலோமீட்டரை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

உடல்வாகிலும் ஒரு சிக்கல் உண்டு. செடானில் பின்னாலிருந்து இடித்தால் நீளமான டிக்கி கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஹேட்ச்பேக்கில் பின் பம்பருக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இடமே கிடையாது. பலமாக ஒரு முறை இடிபட்டாலே அடி டிக்கியின் தளத்துக்கு வந்துவிடும்.

பின்கதவு தனிக் கதை. பின் வைப்பர், கண்ணாடிச் சூடேற்றி, பூட்டு, நம்பர் பிளேட் விளக்கு என எல்லாவற்றுக்குமான வயர்கள் கூரையிலிருந்து கதவுக்குள் போவது ஒரு ரப்பர் குழாய் வழியாக. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அது மடங்கி நிமிரும். பல வருடம் இப்படி மடங்கியதில் உள்ளே ஒரு வயர் அறுந்துபோகும். பின் வைப்பர் ஓடவில்லை, விற்பவர் "ஃபியூஸ் போயிருக்கும்" என்கிறார் என்றால், அந்த ரப்பரின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். இன்சுலேஷன் வெடித்து, பச்சை பூத்த செம்பு வெளியே எட்டிப் பார்க்கலாம். பெரிய செலவில்லைதான். ஆனால் ஃபியூஸ் என்று சொன்னவர் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

- எவ்வளவு ஆழம் தெரியும்: பெயிண்டோடு நிற்கிறதா, அடித்தளமும் கியர்பாக்ஸும் வரை போகிறதா.
- பார்ப்பவர் யார் பக்கம்: வண்டி கைமாறினால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா.
- வண்டி எந்த நிலையில் கிடைக்கும்: இன்ஜின் ஆறியிருக்குமா, நம் விருப்பப்படி ஓட்டவும் தூக்கவும் விடுவார்களா.
- பிறகு கோளாறு வந்தால்: யாரையாவது கேட்க முடியுமா.
- செலவு: கொடுக்கிற காசு, அதோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிற காசு.

இரண்டாவது அம்சத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல்.

## வழி 1: நாமே பார்ப்பது

காலையில் போங்கள், முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதல் வேலை பானட்டில் கை வைப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ இன்ஜினைத் தயார்செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கேட்கிற சத்தமும் சைலன்சரில் வருகிற புகையும் சூடான பிறகு மறைந்துபோகும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல் கசிகிறது. ஓட்டும்போதும் நீலம் வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது, அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம். குளிர்ந்த காலையில் மெல்லிய வெள்ளை ஆவி வருவது இயல்பு. சூடேறிய பிறகும் அடர்த்தியாக, தித்திப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, ஹெட்கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள சீல்) சந்தேகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆயில் மூடியைத் திறந்ததும் உள்பக்கம் மோர் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் பலர் "ஹெட்கேஸ்கெட் போச்சு" என்று ஓடிவிடுகிறார்கள். குறுந்தூரமே ஓடிய சின்ன வண்டியில் வெறும் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் வெளுப்பு, கூலன்ட் டப்பாவிலும் எண்ணெய்ப் படலம் என்றால்தான் பயப்பட வேண்டும். கூலன்ட் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

அடுத்து உடம்பு. கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஃபெண்டரையும் பானட்டையும் பிடித்திருக்கிற போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. பின்கதவைத் திறந்து டிக்கி பாயைத் தூக்குங்கள், ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து வையுங்கள். அந்தக் குழியில் தகடு சுருங்கியிருக்கிறதா, சீலன்ட் கையால் தடவியதுபோல் இருக்கிறதா, தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா? வெள்ளத்தில் முழுகிய வண்டி என்றால் சேறு மிஞ்சியிருக்கிற இடங்களில் இது ஒன்று. இன்னொன்று சீட் பெல்ட். கடைசிவரை இழுத்துப் பாருங்கள், வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில் தண்ணீர்க் கறை படிந்திருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை.

டயரின் பக்கவாட்டில் தயாரிப்புக் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரின் தேதியையும் ஸ்டெப்னியின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி 30,000 கிலோமீட்டர்தான் ஓடியதாம், ஆனால் டயர்கள் ஏற்கெனவே ஒருமுறை மாறியிருக்கின்றன என்றால், ஏன் என்று கேளுங்கள். பல நாடுகளில் சட்டப்படி இருக்கவேண்டிய பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு, அல்லது சஸ்பென்ஷன் எங்கோ வளைந்திருக்கிறது.

சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் பிறகு தனித்தனியே அணைய வேண்டும், இன்ஜின் விளக்கு பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்த பிறகுதான் அணையும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் விளக்கு எப்போதும் வேறொரு விளக்கோடு ஒரே நொடியில் சேர்ந்தே அணைந்தால், அதன் வயரை இதோடு இணைத்து ஏமாற்றியிருக்கலாம்.

ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிட்டு, விற்பவரின் பேச்சையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடியுங்கள். டக் டக் என்று முன் சக்கரத்திலிருந்து வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வேகம் கூடக்கூடக் கூடுகிற ஊளைச் சத்தம், பக்கவாட்டில் சாயும்போது மாறினால் வீல் பேரிங். வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கும்போது 'கட்டுக்' என்று ஒரு சத்தம் வருவது இந்த வகை வண்டிகளில் சகஜம். பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் இவற்றில் ஒன்று. மலிவான பாகங்கள்தான், ஆனால் எது என்று காதால் மட்டும் சொல்ல முடியாது.

இந்த வழியில் காசு செலவில்லை, அவசரமில்லை, பார்க்கிற கண் முழுக்க உங்கள் பக்கம். மறைந்த செலவு ஒன்று உண்டு: உங்கள் மனசு. நிறம் பிடித்துவிட்டால், அல்லது குழந்தை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால், கண் தானாகவே தவறுகளைத் தாண்டிப் போக ஆரம்பித்துவிடும். அதனால் தாளும் பேனாவும் கொண்டுபோய் எழுதுங்கள். எழுதியதை வீட்டுக்கு வந்து படித்தால் வேறு வண்டியைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கும்.

அடியில் இருக்கிற துரு, கியர்பாக்ஸ் சீல் கசிவு, சேஸிஸ் வெல்டிங், கணினிக்குள் பதிந்திருக்கிற பிழைகள் ஆகியவை இந்த வழியில் தெரியாது.

## வழி 2: தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போவது

நம்மில் பலர் செய்வது இதைத்தான், நானும் செய்தேன். முதல் ஹேட்ச்பேக் வாங்கும்போது, வீட்டு ஸ்கூட்டர், கார் எல்லாவற்றையும் பத்து வருடமாகப் பார்த்துவந்தவரைக் கூட்டிப் போனேன். பானட்டைத் திறந்தார், ஆக்சிலரேட்டரைக் கொடுக்கச் சொல்லி காதைத் தீட்டிக் கேட்டார், டிப்ஸ்டிக்கை மூக்கருகே வைத்து முகர்ந்தார், ஒரு சுற்று ஓட்டினார். "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்றார். எடுத்தேன். அவர் சொன்னது பொய்யில்லை, இன்ஜின் இன்றுவரை கல்தான். முதல் மழையில் டிக்கிக்குள் தண்ணீர். பாயைத் தூக்கினால் ஸ்டெப்னிக் குழியின் ஒரு ஓரம் வெட்டி ஒட்டிய தகடு, அதன்மேல் விரல் தடம் பதிந்த சீலன்ட். பின்னால் பலமாக இடிபட்ட வண்டி. அவர் பார்ப்பார் என்று நானும், அதையெல்லாம் நான் பார்த்திருப்பேன் என்று அவரும் விட்டுவிட்டோம்.

மெக்கானிக்கின் கண் அவர் தொழில் போகிற இடத்துக்குப் போகும். இன்ஜின்காரருக்கு டிங்கரிங் வேலை தெரியாது, டிங்கருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தெரியாது. யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதைவிட, அவரிடம் எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். பட்டியலை நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியை அவருக்குக் கொடுங்கள், பாதியை நீங்கள் பாருங்கள், எது யாருடையது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அனுபவசாலியின் பலம் வேறெங்கும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தச் சத்தத்தைப் புறக்கணிக்கலாம், எது ஆறு மாதத்தில் செலவு வைக்கும் என்பதை ஓட்டிக்கொண்டே சொல்லிவிடுவார். வண்டியின் கணினியைப் படிக்கிற ஸ்கேனர் அதைச் சொல்லாது.

மறைந்த செலவு: அவருடைய அரை நாள் கூலி, அதைவிட அவர் பார்வையின் சாய்வு. வண்டியை அவரே கொண்டுவந்து காட்டினார், அல்லது விற்பவர் அவருக்கு வேண்டப்பட்டவர் என்றால் அவரைச் சோதனைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். கமிஷன் வாங்காத நல்லவராகவே இருந்தாலும், "வேண்டாம்" என்று தெரிந்தவரிடம் சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கும். பிறகு கோளாறு வந்தால் கேட்க வழியும் இல்லை, கேட்டால் உறவுதான் கெடும்.

## வழி 3: காசு கட்டி லிஃப்டில் ஏற்றிச் சோதிப்பது

இதில் இரண்டு வகை. ஒன்று, எந்தக் கம்பெனி வண்டியையும் பார்க்கிற தனிப் பட்டறை அல்லது பரிசோதனை நிறுவனம். இன்னொன்று, அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர். சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஓடோமீட்டரைத் திருகியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்: மூன்று வருடம் முன்பே 80,000 என்று பதிவாகியிருக்கும், இன்று மீட்டர் 52,000 காட்டும்.

லிஃப்டில் ஏறினால் தெரிகிறவை: ஆயில் சீல் கசிவு, கிழிந்த டிரைவ் ஷாஃப்ட் பூட், சைலன்சர் துரு, சப்ஃபிரேமில் வெல்டிங், பின் ஆக்சில் புஷ். பெயிண்ட் தடிமன் அளக்கிற கருவி வைத்திருப்பார்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். மறுபெயிண்ட் என்றால் 200-ஐத் தாண்டும். அடியில் பட்டி (நெளிவை நிரப்பும் பூச்சு) பூசியிருந்தால் பல நூறு, சில இடங்களில் ஆயிரத்துக்கு மேல். மறுபெயிண்ட் அபூர்வமான கூரையை முதலில் அளந்து, அதோடு மற்றதை ஒப்பிடச் சொல்லுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சில மாடல்களில் பின்கதவும் பிளாஸ்டிக், அங்கே இந்தக் கருவி வேலை செய்யாது. ஓர் உரசலுக்காக ஒரு கதவை மறுபெயிண்ட் அடித்திருப்பது குற்றமில்லை. தூணிலும் கூரை விளிம்பிலும் பட்டி இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்கேனர் இன்னொரு கண். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற 16 பின் ஓபிடி துளையில் மாட்டிப் படிப்பார்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம். விற்பதற்கு முன் அழித்துவிடுவது சுலபம். அழித்தால் அதன் தடம் இருக்கும்: 'குறியீடு அழித்த பின் ஓடிய தூரம்' என்று பல வண்டிகளில் ஒரு எண் வரும், சுய பரிசோதனைகள் சில 'முடியவில்லை' என்று காட்டும். அந்தத் தூரம் 12 கிலோமீட்டர் என்றால், நேற்றோ இன்று காலையோ அழித்திருக்கிறார்கள். இதற்குச் சின்ன புளூடூத் கருவியும் கைபேசியும் போதும், நீங்களே படிக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் இன்ஜின் பிழைகளோடு நின்றுவிடும். ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் கணினிகளைப் படிக்கப் பட்டறைக் கருவி வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இந்த வழியைத் தவிர்க்கவே கூடாது என்பேன். ஏஎம்டி (மேனுவல் பெட்டியில் கிளட்சையும் கியரையும் தானாகவே இயக்குகிற வகை) கொஞ்சம் தலையாட்டிக்கொண்டே கியர் மாற்றுவது அதன் சுபாவம். கிளட்ச் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்துத்தான் கணிக்க முடியும். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) மெதுவாகக் கிளம்பும்போது நடுங்கினால் நல்ல அறிகுறி இல்லை, ஆயில் எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். டிரை கிளட்ச் (எண்ணெயில் நனையாத கிளட்ச்) வைத்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களில் ஃபோர்டு ஃபியஸ்டாவில் வந்த பவர்ஷிஃப்டும், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 கியர் டிஎஸ்ஜியும் நடுக்கத்துக்கும் கட்டுப்பாட்டுப் பகுதிக் கோளாறுக்கும் உலகமெங்கும் பேர்போனவை. சின்ன வண்டியில் இந்தப் பெட்டி போனால், ரிப்பேர் செலவு வண்டியின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

மறைந்த செலவு: ஒரு வண்டிக்கு ஒரு கட்டணம். ஐந்து வண்டியைச் சோதித்து ஐந்தையும் ஒதுக்கினால் ஐந்து கட்டணம். வழி 1-ஐ ஒழுங்காகச் செய்தால் பட்டறை வரை வருவது ஒன்றோ இரண்டோதான். அறிக்கையில் "சோதித்த நேரத்தில் இருந்த நிலை" என்றுதான் எழுதியிருப்பார்கள், அடுத்த மாதம் கோளாறு வந்தால் அவர்கள் பொறுப்பில்லை. ஆனால் அந்த அறிக்கை விலை பேசும்போது பேசும். "பிரேக் தட்டு தேய்ந்திருக்கு, பின் புஷ் மாத்தணும்" என்று நீங்கள் சொன்னால் வாதம். தாளில் இருந்தால் கணக்கு.

## வழி 4: சான்றிதழும் வாரன்ட்டியும் தருகிற கடை

நூற்றுச் சொச்சம் அம்சங்களைச் சோதித்ததாகப் பெரிய பட்டியல் தருவார்கள். அதில் கணிசமான பங்கு ஹாரன் அடிக்கிறதா, கண்ணாடி இறங்குகிறதா என்பது மாதிரியானவை. எண்ணிக்கையைப் பார்த்து அசராதீர்கள். சோதித்தவருக்குச் சம்பளம் கொடுப்பது விற்பவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் அங்கே படிப்பது வாரன்ட்டியின் கடைசிப் பக்கத்தை. தேய்மானப் பாகங்கள் அடங்காது என்று பெரும்பாலும் இருக்கும். கிளட்ச், பிரேக், டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடும். சின்ன ஹேட்ச்பேக்கில் முதல் வருடம் செலவு வைக்கிறவையும் இவைதானே! அடுத்து, ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, அவர்கள் சொல்கிற இடத்தில்தான் சர்வீஸ் செய்ய வேண்டுமா, ஒரு சர்வீஸ் தவறினால் வாரன்ட்டி போய்விடுமா என்று பாருங்கள்.

இதற்கு நியாயமான இடமும் உண்டு. இன்ஜினும் கியர்பாக்ஸும் வாரன்ட்டிக்குள் வந்து, உச்சவரம்பு போதுமானதாக இருந்தால், ஆட்டோமேட்டிக் வாங்குபவருக்கு அது உண்மையான பாதுகாப்பு. குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வசதி தந்தால் அது சான்றிதழைவிடப் பெறுமானம். அந்த நாட்களுக்குள் நீங்கள் செய்ய வேண்டியது வழி 3. கடைக்காரரின் சான்றிதழை வைத்துக்கொண்டே வேறு பட்டறை லிஃப்டில் ஏற்றுங்கள்.

## ஒரே பார்வையில்

| | நாமே | மெக்கானிக் | லிஃப்ட் சோதனை | சான்றிதழ் கடை |
|---|---|---|---|---|
| ஆழம் | மேல்மட்டம், ஓட்டம் | இன்ஜின், ஓட்டம் | அடித்தளம், கணினி வரை | கடைக்குக் கடை மாறும் |
| யார் பக்கம் | நம் பக்கம் (மனசு சாயும்) | ஆளைப் பொறுத்து | நம் பக்கம் | விற்பவர் பக்கம் |
| ஆறிய இன்ஜின் | கிடைக்கும் | கிடைக்கும் | பெரும்பாலும் கிடைக்காது | கேட்டால் கிடைக்கலாம் |
| பிறகு கேட்க வழி | இல்லை | இல்லை | மிகக் குறைவு | வரம்புக்குள் உண்டு |
| மறைந்த செலவு | ஆசை | சங்கடம், கமிஷன் | ஒவ்வொரு வண்டிக்கும் கட்டணம் | கூடுதல் விலை, விலக்குகள் |

மூன்றாவது வரிசையைக் கவனியுங்கள். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதே இன்ஜின் சூடாகிவிடும். அதனால் ஆறிய ஸ்டார்ட்டை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

## எந்த வழியிலும் தெரியாதவை

இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டுகிற டைமிங் பெல்ட் அறுவதற்கு முந்தின நாள் வரை வண்டி அமைதியாகவே ஓடலாம். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும், இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். சங்கிலி வைத்த இன்ஜினில் இந்தக் கவலை குறைவு, ஆனால் ஆறிய ஸ்டார்ட்டில் கலகல என்று சில நொடி சத்தம் வந்தால் சங்கிலி நீண்டிருக்கலாம்.

எண்ணெயில் நனைந்தே ஓடும் பெல்ட் இன்னொரு வகை. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்டின் முந்தைய வடிவத்திலும், பியூஜோ, சித்ரோன் சின்ன வண்டிகளில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக்கின் முந்தைய வடிவத்திலும் இதுதான். தவறான ஆயிலோ காலம் தாழ்த்திய ஆயில் மாற்றமோ பெல்ட்டை ஊறவைத்து உதிர்க்கும். உதிர்ந்த துகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும். பியூர்டெக்கில் ஆயில் ஊற்றும் வாய் வழியாகவே பெல்ட்டைப் பார்க்கலாம், அதன் அகலத்தை அளக்க ஒரு கேஜும் உண்டு. இந்த இன்ஜின்களில் ஆயில் மாற்றிய பில்கள் வரிசையாக இல்லையென்றால் நான் அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன்.

ரீகால் பாக்கியும், அதாவது தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செய்ய வேண்டிய வேலை முடியாமல் இருப்பதும் இப்படித்தான். டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் குறையால் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனமே 2017-இல் திவால் மனு போட்டது. ஹோண்டா ஜாஸ் போன்ற ஹேட்ச்பேக்குகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. 17 எழுத்து எண் கொண்ட வாகன அடையாள எண்ணைக் கொடுத்து, ரீகால் வேலை முடிந்ததா என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள், இலவசம். அந்த எண் டேஷ்போர்டிலும் சேஸிஸிலும் பதிவுச் சான்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

## யாருக்கு எது

மேனுவல் கியர், பத்து வருடத்துக்கு மேல் பழசு, விலை மிகக் குறைவு: வழி 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துச் செய்யுங்கள். லிஃப்டுக்குக் காசு கட்டுவதைவிட, துரு அதிகம் பிடிக்கும் இடத்து வண்டியாக இல்லாவிட்டால், அந்தக் காசை முதல் சர்வீஸுக்கு வையுங்கள்.

ஐந்தாறு வயது வண்டி, முன்பின் தெரியாத தனிநபர் விற்கிறார்: வழி 1, பிறகு 3. மெக்கானிக் தேவையில்லை.

எந்த வயது ஆட்டோமேட்டிக்கும்: வழி 3 கட்டாயம். கியர்பாக்ஸை உள்ளடக்கிய வாரன்ட்டி கிடைத்தால் வழி 4-க்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

இதுவே முதல் வண்டி, கூட வர யாருமில்லை, பேரம் பேசவும் வராது: திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடை. கூடக் கொடுக்கிற காசை டியூஷன் ஃபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெருங்கிய சொந்தக்காரரின் வண்டி: இதற்குத்தான் பட்டறை அறிக்கை மிகவும் தேவை. அவர் ஏமாற்றுவார் என்பதால் அல்ல. அவருக்கே தெரியாத கோளாறு அடுத்த மாதம் வந்தால், அதை வைத்து வருடக்கணக்கில் பேச்சு ஓடக் கூடாதல்லவா.

விற்பவர் லிஃப்டுக்கு விட மறுத்தால்? முன்பணம் கொடுத்து, சோதனையில் பெரிய கோளாறு வந்தால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், அவரும் கூடவே வரட்டும். அப்போதும் மறுத்து, "சாயங்காலம் ஒருத்தர் முழுப் பணத்தோட வர்றார்" என்று சொன்னால், அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எனக்கு இதுவரை இப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒரு வண்டி பதினைந்து நாள் கழித்தும் அதே மரத்தடியில் நின்றது. இன்னொன்று அன்று சாயங்காலமே உண்மையில் போய்விட்டது.